வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆடு: உயிரியல் பூங்காவின் குளம்பு விலங்குகளும் வைரஸ் நோய்களும்

காட்டுமாடு ஒன்று இரண்டு நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ். மூக்கில் தண்ணீராக வழிந்தது இப்போது கெட்டியாகி, மூக்கு நுனியைச் சுற்றிப் பொருக்காக ஒட்டியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்குகிறது. அருகில் போய்ப் பார்த்தால், கருவிழியின் ஓரத்தில் பால் படிந்தாற்போல ஒரு வெண்மை வளையம். மறுநாள் அது இன்னும் கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்திருக்கும். அதே நேரத்தில், முந்நூறு மீட்டர் தள்ளி, குழந்தைகள் தொட்டுப் பழகுவதற்காக வளர்க்கும் செம்மறிக் குட்டிகள் துள்ளிக்கொண்டிருக்கின்றன. காட்டுமாட்டைக் கொல்லப்போகும் வைரஸ் அந்தக் குட்டிகளின் மூக்கிலிருந்து வந்தது. குட்டிகளுக்கு அதனால் காய்ச்சல்கூட வரவில்லை.

பூங்காவில் வைரஸ் நோய் என்றதும் ஏதோ புதிய, அரிய கிருமி வெளியிலிருந்து வந்து தாக்குவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான இழப்புகள் அண்டை வீட்டிலிருந்துதான் வருகின்றன. ஒரு வைரஸும் ஒரு விலங்கினமும் பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் உண்டாகிவிடும். விலங்கு சாவதில்லை, வைரஸும் அழிவதில்லை. அந்தச் சமரசத்தில் பங்கில்லாத வேறோர் இனத்துக்குள் அதே வைரஸ் நுழையும்போதுதான் ஆபத்து. ஆப்பிரிக்காவின் வில்டபீஸ்ட் என்ற இரலை, வட அமெரிக்காவின் பைசன் என்ற காட்டெருது, ஆசியாவின் மான், ஊர்ப்புறத்துச் செம்மறி ஆகியவை இயற்கையில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. பூங்காவில் அவற்றுக்கு இடையே ஒரு அகழியோ கம்பிவேலியோ மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே எந்த நோயானாலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். வைரஸை நோயில்லாமல் சுமப்பது யார்? அது எதன் வழியாக நகர்கிறது? போய்ச் சேரும் இடத்தில் சாகக்கூடியது யார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், நோயின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் அதைத் தடுக்கும் வழி தெரிந்துவிடும்.

செம்மறியிலிருந்து காட்டுமாட்டுக்கு

மேலே சொன்ன நோயின் பெயர் மலிக்னன்ட் கட்டாரல் காய்ச்சல். ஹெர்பெஸ் குடும்பத்து வைரஸ்கள் இதற்குக் காரணம். செம்மறி ஒரு வகையைச் சுமக்கிறது, வெள்ளாடு இன்னொன்றை, வில்டபீஸ்ட் மூன்றாவது ஒன்றை. ஒருமுறை தொற்றினால் ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

எல்லா வயதிலும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வில்டபீஸ்ட் கன்று பிறந்து மூன்று நான்கு மாதம் வரை மூக்கு நீரிலும் கண்ணீரிலும் வைரஸை ஏராளமாக வெளியேற்றும். அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். செம்மறியில் வேறு கணக்கு. குட்டி பிறக்கும்போது பொதுவாகத் தொற்று இருக்காது. இரண்டு மூன்று மாதத்தில்தான் மந்தையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஆறு முதல் ஒன்பது மாத வயதில் வெளியேற்றம் உச்சத்தில் இருக்கும். அதுவும் தொடர்ச்சியாக அல்ல. சில மணி நேரம் திடீரென்று கொட்டிவிட்டு நின்றுவிடும். எனவே ஒரு நாள் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால், அதை நம்பிப் பக்கத்துப் பட்டியில் மானை விடுவது பெரிய தவறு.

தூரம் எவ்வளவு விட வேண்டும்? வட அமெரிக்காவில் பெரிய அளவில் செம்மறிக் குட்டிகளைக் கொழுக்க வைத்த ஒரு பட்டியைச் சுற்றியிருந்த பைசன் மந்தைகளில் இறப்புகள் பதிவாயின. 1.6 கிலோமீட்டரில் இருந்த மந்தையில் அதிகம் செத்தன, 4.2 கிலோமீட்டரில் அதைவிடக் குறைவு, 5.1 கிலோமீட்டரிலும் ஒரு சில. அங்கே ஆடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பூங்காவில் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். ஆனாலும் ‘நடுவில் ஒரு பாதை இருக்கிறது, போதும்’ என்ற எண்ணத்தைக் கைவிட இந்தக் கணக்கு போதும். வைரஸ் வெயிலிலும் வறட்சியிலும் சீக்கிரம் சாகும். ஈரமும் மேகமூட்டமும் இருந்தால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும்.

பைசன், தென்கிழக்கு ஆசியக் காட்டுமாடான பான்டெங், சீனாவின் பேர் டேவிட் மான் ஆகியவை இதற்கு மிக எளிதில் பலியாகும். பைசனிலும் மான்களிலும் கண் வெண்மையாகும் வரை காத்திருக்கவே நேரம் இருக்காது. ரத்தக் கழிச்சல் வந்து ஓரிரு நாளில் விழுந்துவிடும், சில வேளை காலையில் பிணமாகத்தான் கிடக்கும். தொற்று உள்ளே போய் நோய் வெளியே தெரியச் சில வாரமும் ஆகலாம், 200 நாளைத் தாண்டவும் கூடும். விலங்கை வேறு பூங்காவுக்கு அனுப்பி அரையாண்டு கழித்து அது செத்தால், தவறு எங்கே நடந்தது என்று தேடுவது கடினமாவது இதனால்தான். ஒரே ஓர் ஆறுதல்: நோயுற்ற காட்டுமாடு அடுத்த காட்டுமாட்டுக்கு இதைத் தராது. அதனால் நோயுற்றதைப் பிரித்து வைப்பதால் பயனில்லை. பிரிக்க வேண்டியது நலமாக இருக்கும் ஆட்டைத்தான். இதைப் புதிதாகச் சேரும் பராமரிப்பாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோயாளியைத் தனிமைப்படுத்துவதே நமக்குப் பழக்கம்.

தொட்டுப் பழகும் பட்டி வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. செம்மறிக் குட்டிகளை இரண்டரை மாதத்துக்குள் தாய் மந்தையிலிருந்து பிரித்துத் தனியே வளர்த்தால் இந்த வைரஸ் இல்லாத மந்தையை உருவாக்க முடியும். உழைப்பு அதிகம், ஆனால் செய்யக்கூடியதே.

பிறப்பிலேயே ஏமாற்றும் வைரஸ்

மாடுகளில் வைரஸ் கழிச்சல் நோயை உண்டாக்கும் பெஸ்டிவைரஸ் வேறு விதமாக ஒளிந்துகொள்ளும். சினைப் பசுவுக்கு முதல் 125 நாளுக்குள் இது தொற்றினால், கருவில் இருக்கும் கன்றின் நோய் எதிர்ப்பு மண்டலம் இன்னும் முதிர்ந்திருக்காது. அது வைரஸைத் தன் உடம்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். பிறந்த பிறகு அதை எதிர்ப்பதே இல்லை. அந்தக் கன்று சாகும் வரை சாணம், சிறுநீர், எச்சில், மூக்கு நீர் என எல்லாவற்றிலும் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும், சில வேளை கொஞ்சம் நோஞ்சானாக இருக்கும்.

இங்கேதான் சோதனை அறிக்கையைத் தப்பாகப் படிக்கும் ஆபத்து. இந்த வைரஸுக்கு எதிரணு (கிருமியை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் புரதம்) பார்க்கும் சோதனையில் அந்தக் கன்றுக்கு ‘இல்லை’ என்று வரும். உடம்பு எதிர்க்கவில்லை, பிறகு எதிரணு எங்கிருந்து வரும்? கூட்டத்திலேயே சுத்தமான விலங்கு என்று நாம் முடிவு செய்வது, உண்மையில் கூட்டத்துக்கே நோய் தருவதாக இருக்கலாம். வைரஸை நேரடியாகத் தேடும் சோதனை வேண்டும். காது நுனியில் ஒரு சிறு துண்டு வெட்டி அனுப்பினாலே போதும். ‘உண்டு’ என்று வந்தால் மூன்று வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டாவது முறையும் வந்தால்தான் நிரந்தரத் தொற்று, இல்லாவிட்டால் வந்துபோன தொற்று.

மாட்டுக்கு மட்டும் இது நடப்பதில்லை. கோபன்ஹேகன் பூங்காவின் சருகுமான்களில் இப்படிப்பட்ட நிரந்தரத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றோடு சேர்த்து வைத்த மாட்டுக் கன்றுகளுக்கும் அது தொற்றியது. முயல் அளவே உள்ள ஒரு பிராணி மாட்டுக்கு நோய் தரும் என்று யாரும் முதலில் சந்தேகப்படமாட்டார்கள்.

பூச்சி தூக்கி வருவது

1987-ல் நமீபியாவிலிருந்து வரிக்குதிரைகள் ஸ்பெயினுக்கு, மாட்ரிட் அருகில் இருந்த ஒரு சஃபாரி பூங்காவுக்கு, வந்து சேர்ந்தன. நலமாகவே இருந்தன. ஆனால் அவற்றின் ரத்தத்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோயின் வைரஸ் இருந்தது. அங்குள்ள பொடிக்கொசுக்கள் வரிக்குதிரையைக் கடித்துவிட்டுக் குதிரையைக் கடித்தன. அந்தத் தொற்று 1990 வரை ஓயவில்லை. போர்ச்சுகலுக்கும் மொராக்கோவுக்கும் பரவியது. தொற்றிய குதிரைகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சாகக்கூடிய நோய் இது. வரிக்குதிரைக்குக் காய்ச்சலே தெரியாது, ஆனால் ரத்தத்தில் ஆறு வாரம் வரை வைரஸ் சுற்றும். வரிக்குதிரைக்கான தனிமைப்படுத்தலில் 40 நாள் என்ற கணக்கு சொல்லப்படுவது இதனால்தான். அந்த நாற்பது நாளும் பூச்சி புகாத கொட்டகையில் வைக்காவிட்டால் நாள் எண்ணுவதில் பொருளே இல்லை.

அந்தப் பொடிக்கொசு க்யூலிகாய்டஸ் வகையைச் சேர்ந்தது. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், சாதாரணக் கொசுவலையின் கண் வழியே நுழைந்துவிடும். நெருக்கமான கண்ணுள்ள வலையோ பூச்சிமருந்து ஏற்றிய வலையோ வேண்டும். அந்தியிலும் விடியலிலும் அதிகம் பறக்கும், ஆகவே அந்த நேரத்தில் விலங்குகளை உள்ளே அடைப்பது பலன் தரும். காற்றை எதிர்த்துப் பறக்கும் பலம் அதற்கு இல்லை, கொட்டகையில் ஒரு பெரிய மின்விசிறி ஓடினாலே வரத்து குறையும். இனப்பெருக்கம் செய்வது ஈரச் சாணத்திலும் சேற்று ஓரங்களிலும். தண்ணீர்த் தொட்டி வழிந்து எப்போதும் ஈரமாகக் கிடக்கும் அந்த ஒரு சதுர மீட்டரைச் சரிசெய்வது, மருந்து தெளிப்பதைவிட நெடுநாள் பயன் தரும்.

இதே பூச்சிதான் நீலநாக்கு நோயையும் சுமக்கிறது. 2006-ல் அந்த நோயின் 8-ஆம் வகை வட ஐரோப்பாவில் புகுந்தபோது ஆடு மாடுகளோடு பூங்காக்களின் பைசன், யாக் போன்றவையும் நோயுற்றன. குளிர்நாடு என்பதால் வராது என்ற நம்பிக்கை அப்போதே உடைந்துவிட்டது.

கோமாரியும் ஆட்டுக்கொல்லியும்

கோமாரி பற்றிப் பலருக்கும் தெரியும் என்பதால் பூங்காவுக்கு உரியதை மட்டும் சொல்கிறோம். பிளவுபட்ட குளம்புள்ள எல்லாவற்றுக்கும் வரும். குதிரை, வரிக்குதிரை, காண்டாமிருகத்துக்கு வராது. ஆசிய யானைக்குக் குளம்பு இல்லாவிட்டாலும் வரும். ஆப்பிரிக்க எருமையின் தொண்டையில் இந்த வைரஸ் ஐந்தாண்டு வரைகூடத் தங்கும். வைரஸில் ஏழு வகை உண்டு, ஒன்றுக்குப் போட்ட தடுப்பூசி மற்றதற்கு உதவாது. ஆகவே ‘தடுப்பூசி போட்டாயிற்று’ என்பது பாதிப் பதில்தான். எந்த வகைக்கு, எப்போது என்று கேட்க வேண்டும்.

இதன் தாக்கம் நோய் வந்த பூங்காவோடு நிற்பதில்லை. ஜனவரி 2025-ல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில், பெர்லின் எல்லைக்கு அருகே ஒரு நீரெருமை மந்தையில் கோமாரி உறுதியானது. 1988-க்குப் பிறகு அந்த நாட்டில் அதுவே முதல் முறை. பெர்லினின் இரண்டு பெரிய பூங்காக்களும் தங்களிடம் ஒரு விலங்குகூட நோயுறாத நிலையிலேயே முன்னெச்சரிக்கையாகக் கதவை மூடின. வருபவர்களின் செருப்பிலும் உடையிலும் வைரஸ் வரலாம். மனிதரின் மூக்கு, தொண்டையிலேயே அது ஒரு நாள் வரை தங்கக்கூடும்.

ஆட்டுக்கொல்லி நோய், 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயின் நெருங்கிய உறவு. வீட்டு ஆடுகளிலிருந்து காட்டு ஆடுகளுக்கும் இரலைகளுக்கும் தாவும். ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் ஒரு விலங்குச் சேகரிப்பில் இது புகுந்து கெஸல், ஐபெக்ஸ் போன்றவற்றைக் கொன்றது 1987-ல் பதிவாகியிருக்கிறது. இதற்கு நல்ல தடுப்பூசி உண்டு. சுற்றுப்புறத்து ஆடுகளுக்கும் அதைப் போட உதவுவதே பூங்காவுக்கு மிக மலிவான பாதுகாப்பு.

பன்றி இனங்களிலும் அதே கதைதான். ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் பன்றி ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை நோயின்றிச் சுமக்கும், வீட்டுப்பன்றியும் காட்டுப்பன்றியும் செத்துவிடும்.

குளம்பு இல்லாதவற்றுக்கும் போகும்

ஜெர்மனியின் வுப்பர்டால் பூங்காவில் 2010-ல் ஒரு பனிக்கரடி வலிப்பு வந்து இறந்தது. மூளையில் கிடைத்தது வரிக்குதிரைகளின் ஹெர்பெஸ் வைரஸ். குதிரைக் குடும்பத்து ஹெர்பெஸ் வைரஸ் தண்ணீரில் மூன்று வாரம் வரை உயிர்ப்போடு இருப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. வாளி, குழாய், துடைப்பம் என்று இரண்டு கூண்டுக்கும் பொதுவான பொருளைக் கவனிக்க வேண்டிய காரணம் இதுதான்.

பெல்ஜியத்தில் நீலநாக்கு பரவிய காலத்தில், ஒரு பூங்காவின் இரண்டு லின்க்ஸ் பூனைகள் அந்த நோயால் இறந்தன. சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து வந்த, செத்துப் பிறந்த கன்றுகளையும் ஆட்டுக் குட்டிகளையும் அவற்றுக்கு உணவாகக் கொடுத்திருந்தார்கள். கருச்சிதைந்ததையும் செத்துப் பிறந்ததையும் ஊன் உண்ணிகளுக்குப் போடவே கூடாது. எதனால் சிதைந்தது என்று தெரியாதவரை அது உணவு அல்ல, ஆய்வகத்துக்குப் போக வேண்டிய பொருள்.

புதிய விலங்கு வரும்போது

குறைந்தது 30 நாள் தனி இடம், தனி ஆள், தனி மண்வெட்டி. பத்தாம் நாள் இன்னொரு விலங்கு அதே இடத்துக்குள் வந்தால், முதல் விலங்குக்கும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். இந்த விதியைப் பெரும்பாலும் இடப் பற்றாக்குறையால் மீறுகிறார்கள், அதன் விலையைப் பிறகு கொடுக்கிறார்கள்.

வந்ததும் ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். எதிரணு அளவு இரண்டாவது முறை நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் தொற்று அண்மையது. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமும், எதிரணுவுக்குச் சிவப்பு மூடிக் குழாயில் ஊநீரும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுக்கலாம். காட்டு விலங்கைப் பிடித்து ரத்தம் எடுப்பதே உயிருக்கு ஆபத்து. மிரண்டு ஓடும் மான் தசை சிதைந்து செத்துப்போகும். எனவே வேறு எந்தக் காரணத்துக்காக மயக்க மருந்து கொடுத்தாலும், அப்போது 10 மில்லிலிட்டர் கூடுதலாக எடுத்து, ஊநீரை 1 மில்லிலிட்டர் குப்பிகளாகப் பிரித்து உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். பின்னாளில் ஒரு நோய் வந்தால், போன வருடமே இது இருந்ததா என்ற கேள்விக்கு அந்தக் குப்பி மட்டும்தான் பதில் சொல்லும்.

ஆய்வகத்திடம் ஒன்றை மறக்காமல் கேட்க வேண்டும்: எதிரணுவைக் கண்டறியும் எலைசா சோதனையில் எந்த வகை? மாட்டுக்காகச் செய்த மறைமுக எலைசா, மாட்டின் எதிரணுவை அடையாளம் காணும் பொருளை வைத்து வேலை செய்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் எதிரணு அதில் சரியாக ஒட்டாமல் போகலாம், அப்போது தொற்று இருந்தும் ‘இல்லை’ என்று வரும். போட்டி எலைசா எந்த இனத்தின் எதிரணுவானாலும் கண்டுகொள்ளும், ஏனென்றால் அது அளப்பது வைரஸின் மீதுள்ள இடத்தை யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதைத்தான்.

அன்றாட வேலையில்

வேலை வரிசைதான் முதல் மருந்து. எளிதில் சாகக்கூடியவற்றின் கூண்டில் காலையில் முதலில் வேலை. சுமக்கும் விலங்கிடம் கடைசியில். பைசனை முடித்துவிட்டு ஆட்டிடம் போகலாம், ஆட்டை முடித்துவிட்டு அதே பூட்ஸோடு பைசனிடம் போகக்கூடாது. இதற்கு ஒரு காசும் செலவில்லை, ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும்.

கால் நனைக்கும் தொட்டி பல இடங்களில் வெறும் சடங்காகிவிட்டது. சாணம் ஒட்டிய பூட்ஸை மருந்தில் முக்கினால் மருந்து சாணத்தோடு தீர்ந்துவிடும். முதலில் தண்ணீரும் தூரிகையும், பிறகுதான் மருந்து. கோமாரி வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் சோப்பும் சாராயமும் அதை அவ்வளவாக அசைக்காது. அமிலமோ காரமோதான் வேண்டும். சலவைச் சோடா 4 சதவீதம் என்றால் 10 லிட்டருக்கு 400 கிராம் நீரற்ற பொடி. படிகமாகக் கிடைப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அது 1.1 கிலோ வரை தேவைப்படும். பத்து நிமிடம் பட்டிருக்க வேண்டும். சிட்ரிக் அமிலம் என்றால் 10 லிட்டருக்கு 20 கிராம், அரை மணி நேரம். இரண்டையும் சேர்த்தால் இன்னும் பலமாக இருக்கும் என்று ஒரே தொட்டியில் கொட்டுபவர்கள் உண்டு. ஒன்றையொன்று முறித்து, கடைசியில் கிடைப்பது நுரை பொங்கிய உப்புத் தண்ணீர். கையுறையும் கண்ணாடியும் போட்டுக் கரையுங்கள், தினமும் மாற்றுங்கள், மழை பெய்தால் உடனே மாற்றுங்கள்.

தடுப்பூசியில் ஒரே எச்சரிக்கை: வீட்டு விலங்குக்காகச் செய்த, பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் ஊசி காட்டு இனத்தில் நோயையே உண்டாக்கலாம், சினையில் இருப்பதற்கு இன்னும் ஆபத்து. செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசிக்கே முதலிடம். கோமாரி, நீலநாக்கு போன்றவை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள் என்பதால், ஊசி போடும் முன் அனுமதி வேண்டியிருக்கும். சந்தேகம் வந்த அன்றே கால்நடைத் துறைக்குச் சொல்வதும் சட்டக் கடமை.

இறந்த ஒவ்வொரு விலங்கையும் அறுத்துப் பார்க்க வேண்டும், காரணம் தெரிந்ததுபோல் தோன்றினாலும். ஒரே விதிவிலக்கு: திடீரென்று செத்து, மூக்கிலோ மலவாயிலோ உறையாத ரத்தம் வழிந்தால் கத்தியை எடுக்காதீர்கள். அது ஆந்த்ராக்ஸ் எனும் அடைப்பானாக இருக்கலாம். முதலில் ஒரு துளி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மற்றபடி மண்ணீரல், நிணநீர்க் கட்டி, நுரையீரல், குடல், மூளை ஆகியவற்றில் ஒரு துண்டு குளிரில், ஒரு துண்டு 10 சதவீத ஃபார்மலினில். துண்டு அரை சென்டிமீட்டர் தடிப்பைத் தாண்டினால் நடுவில் ஃபார்மலின் இறங்காது, அழுகிவிடும். திசுவைப்போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும்.

எந்த விலங்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தப் பட்டியில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற பதிவேட்டையும் உறைநிலையில் வைத்த ஊநீர்க் குப்பிகளோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். தொற்றுக்கும் சாவுக்கும் நடுவே 200 நாள் ஓடியிருக்கக்கூடும் என்பதால், குறைந்தது போன ஓராண்டின் பக்கங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.